கல்யாண மண்டபத்துக் காலைகள்

எனக்குச் சீனி வருத்தம் என்று தெரியவந்த அன்று பின்னேரம் ஒரு கல்யாண வீட்டுக்கு வட்டிலப்பம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த கடதாசித் துண்டோடு வீட்டுக்கு வந்தேன். துண்டை அலுமாரிக்குள் உடுப்புகளுக்குக் கீழே வைத்துவிட்டுக் கருப்பட்டி சீவ உட்கார்ந்தேன்.

கல்முனைப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வட்டிலப்பம் செய்து கொடுப்பது என் தொழில். முட்டையும் தேங்காய்ப்பாலும் ஏலமும் சாதிக்காயும் ஒன்றாக வேகிற ஆவிக்குள் இருபது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டேன். ஒவ்வொரு சட்டியிலும் ஒரு கரண்டி ருசி பார்ப்பேன். அன்றைக்கும் பார்த்தேன். அந்த ஆவிக்குள் இருக்கும்போது ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருந்தது வேறு யாரையோ பற்றியது போலத் தோன்றியது. அப்படியே மூன்று வருடங்கள் போயின.

கிளினிக்கில் என்னைப் பார்த்த டொக்டர் எங்களைப் போல முஸ்லிம் இல்லை, காரைதீவுப் பக்கத்துத் தமிழ்ப் பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவர். மெதுவாகத்தான் கதைப்பார். வெளியே நிற்கிற சனத்தின் இரைச்சலில் அவர் சொல்வதைக் கேட்க மேசைப்பக்கம் சாய வேண்டும். ஒவ்வொரு முறையும் மருந்துக் குளிசைகளை எழுதிவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்.

"அக்கா, நடக்கிறீங்களா?"

"ஓம் டொக்டர்."

நான் நடக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். இரத்தத்தைச் சோதித்த முடிவு மேசையில்தானே கிடந்தது. ஆனாலும் அவர் கேட்டார், நான் ஓம் என்றேன். பிறகு ஒருநாள் பேனையை வைத்துவிட்டு வேறு மாதிரிக் கேட்டார்.

"எங்க அக்கா நடக்கிறீங்க?"



"வீட்டுக்குள்ளதான் டொக்டர்."

"வீட்டுக்குள்ள எங்க?"

"குசினிக்கும் கிணத்துக்கும்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு உண்மையும் வெளியே வந்தது. விடியற்காலையில் சுபஹ் தொழுகை முடிந்த நேரம் சந்தியெல்லாம் ஆண்கள் நிற்பார்கள். ஒரு பெண் காரணமில்லாமல் வேகமாக நடந்தால் மூன்று பேராவது வழிமறித்து, யாருக்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். கடற்கரைக்குப் போகலாம் என்றால், சுனாமி என்ற அந்தப் பெரிய அலை வந்து போன பிறகு கடலை ஒட்டி நடக்க எனக்கு மனமில்லை. இதோடு முழங்கால் வலி வேறு. இவ்வளவையும் சொல்லி முடித்தேன். வெளியே அத்தனை பேர் காத்திருக்க, அவர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றையும் எழுதவில்லை.

"உங்களைப் போல எத்தினை பேர் இருப்பாங்க அக்கா?"

"முழு ஊரும் இரிக்கி டொக்டர்."

இதற்குப் பிறகு நடந்ததை எனக்குப் பின்னாளில் மிஸ்தான் சொன்னார். மிஸ் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் எங்கள் ஊர்ப் பெண். அப்போது முப்பது வயது இருக்கும். தோஹாவில் பெண்களுக்கான ஜிம் ஒன்றில் பயிற்சியாளராக ஏழு வருடம் வேலை செய்து, அங்கேயே அதற்கான பரீட்சைகளும் எழுதிவிட்டு ஊருக்கு வந்திருந்தார். தன் வீட்டு முன்னறையில், கல்யாணத்துக்கு முன் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று வருகிற பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். அவர்கள் இரண்டு மூன்று மாதம் வருவார்கள். கல்யாணம் முடிந்த பிறகு ஒருத்தியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு பின்னேரம் டொக்டர் அவருடைய வாசலில் வந்து நின்றாராம். யாரோ முறைப்பாடு சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் மிஸ் முதலில் பயந்தார்.

"தங்கச்சி, உடற்பயிற்சி செய்யுங்க எண்டு சொல்லத்தான் எங்களுக்குப் படிப்பிச்சாங்க. எப்பிடிச் செய்யிற எண்டு ஆரும் காட்டித் தரல்ல. எனக்கு ஒருக்காக் காட்டுங்களன்" என்றாராம் டொக்டர்.

மிஸ் ஒரு கதிரையைப் போட்டு, அதில் இருந்து எழும்பும்படி சொன்னார். கையை ஊன்றாமல் பத்துத் தரம். ஆறாவது தரம் டொக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு இருவரும் இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருட்டும்வரை கதைத்திருக்கிறார்கள். ஆட்கள் இருக்கிறார்கள், சொல்லிக் கொடுக்கவும் ஆள் இருக்கிறது, இடம்தான் இல்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் இதைச் சொன்னதும், இடம் எடுத்துக் கொடுத்தது நான். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துச் சொந்தக்காரரின் மனைவியும் என்னோடு கிளினிக் வரிசையில் நிற்கிறவர். காலை நேரத்தில் மண்டபம் சும்மாதான் கிடக்கும். நான் கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை. "நானும் வாறன்" என்று மட்டும் சொன்னார்.

முதல் நாளை நினைத்தால் இன்றைக்கும் அது கனவில் கண்டது மாதிரியே வருகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எட்டரை மணிக்குப் போனோம். பதினான்கு பேர். அந்த மண்டபத்தை எனக்கு இருபது வருடமாகத் தெரியும், ஆனால் வட்டிலப்பச் சட்டிகளை இறக்கிவைக்கிற குசினி வாசலால் மட்டும்தான். பெரிய கதவால் அன்றுதான் உள்ளே போனேன். முந்தின இரவு அங்கே கல்யாணம் நடந்திருந்தது. மேடையில் மாப்பிள்ளை பெண்ணின் ஆசனம் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி வெள்ளைக் கடதாசிப் பூக்கள். தரையில் பன்னீர் மணம். யன்னல்களில் மஞ்சள் திரைகள் தொங்கியதால் உள்ளே வந்த வெயில் தேன் நிறத்தில் இருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் நடந்தபோது தண்ணீருக்குள் நடப்பது போல இருந்தது. யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

கதவைப் பூட்டினோம். ஹபாயாக்களைக் கழற்றிக் கதிரைகளின் முதுகில் போட்டோம். கதிரைகளில் கறுப்பாகப் பதினான்கு பேர் உட்கார்ந்து எங்களைப் பார்ப்பது போல இருந்தது. மிஸ் எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"ராத்தாமார், முதல்ல ரெண்டு கையையும் மேல தூக்குங்க. ஏலுமான அளவு."

தூக்கினோம். என் தோள் முறியும் போல வலித்தது. மேலே சுழன்ற காத்தாடியின் காற்று உள்ளங்கைகளில் பட்டது. நான் கடைசியாக எப்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் இப்படி நீட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் சட்டி எடுக்க ஒரு கை போகும். உடுப்புக் காயப்போட முகத்தளவுக்குப் போகும். அதற்கு மேல் என் கைகளுக்கு வேலை இருந்ததே இல்லை. பக்கத்தில் நின்ற மண்டபத்துக்காரி கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தால் வெட்கம் வந்துவிடும் என்றார்.

திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் போனோம். மணல் நிரப்பிய தண்ணிப் போத்தல்களைத் தூக்கினோம். மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். வீட்டுக்கு வந்து கருப்பட்டி கரைக்கும்போதும் என் கால்கள் இன்னும் அந்த மஞ்சள் வெளிச்சத்துக்குள் நடந்துகொண்டிருப்பது போல இருக்கும்.

மூன்றாவது கிழமை திங்கட்கிழமை நான் விழுந்தேன்.

திங்களும் வியாழனும் சுன்னத்தான நோன்பு பிடிப்பது என் வழக்கம். அன்று விடியமுன் சாப்பிடுகிற சஹருக்குப் பிந்தி எழும்பியதால் இரண்டு ஈத்தம்பழமும் தண்ணீரும்தான். அதோடு வழக்கமான குளிசை. பயிற்சிக்கு வந்தபோது உடம்பு லேசாக இருந்தது, அதை நான் நல்லது என்று எடுத்துக்கொண்டேன். மண்டபத்தை நாலாவது தரம் சுற்றும்போது வியர்த்தது. வியர்வை குளிராக இருந்தது. மேடையில் இருந்த கடதாசிப் பூக்கள் அலையாடத் தொடங்கின. மிஸ் எண்ணுகிற சத்தம் தூரத்தில், கடலுக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்டது. தரை என் பக்கமாக எழும்பி வந்தது. எனக்குப் பயமே வரவில்லை. நித்திரை வருகிறது என்றுதான் நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது மிஸ்ஸின் மடியில் என் தலை இருந்தது. அவருடைய கையில் ஒரு கிளாஸ்.

"சீனித்தண்ணி ராத்தா. குடியுங்க."

"நோன்பு" என்றேன். சொன்னேனா, உதடு மட்டும் அசைந்ததா தெரியாது. ஆனால் பக்கத்தில் நின்றவர்களுக்கு விளங்கியது. வாய்க்குள் ஊற்று என்று ஒருத்தி சொன்னாள். அவள் நோன்பை முறிக்க நமக்கென்ன உரிமை என்று இன்னொருத்தி கேட்டாள். மிஸ் கிளாஸை என் உதட்டுவரை கொண்டுவந்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டார். யாரோ டொக்டருக்குப் போன் எடுத்தார்கள். இரண்டு தரம் அடித்து நின்றது. மூன்றாம் தரம் எடுத்தார். போனை என் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார்கள்.

"அக்கா, நான்தான் கதைக்கிறன். உங்கட உடம்புல சீனி இறங்கிற்று. இப்ப குடிக்கல்லயெண்டா நினைவு தப்பிரும். குடியுங்க. மற்றதெல்லாம் பிறகு கதைப்பம்."

எப்போதும் மெதுவாகக் கதைக்கிற அந்தக் குரல் அன்றைக்கு மண்டபம் முழுக்கக் கேட்டது. மண்டபத்துக்காரி என் நெற்றியைத் தடவினார். "குடி புள்ள. அல்லாஹ் பார்த்துக்கொண்டுதான் இரிக்கான்" என்றார். குடித்தேன். அவ்வளவு இனிப்பான ஒன்றை நான் வாழ்க்கையில் குடித்ததில்லை. கொஞ்ச நேரத்தில் பூக்கள் அசையாமல் நின்றன. மிஸ் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பகலுக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கல்யாண ஹோலுக்குள் பெண்கள் கதவைப் பூட்டி ஆடினார்களாம், ஒருத்தி விழுந்து மௌத்தாகப் பார்த்தாளாம். என் கணவர் சொறிக்கல்முனைப் பக்கம் நெல் வாங்கப் போயிருந்தார். அங்கேயே யாரோ சொல்லிவிட்டார்கள். களிமண் ஒட்டிய காலோடு வந்து வாசலில் நின்று என்னைப் பார்த்தார். ஏசவில்லை. "இனிப் போக வேணாம்" என்றார். நானும் சரி என்றேன்.

மிஸ்ஸும் வகுப்பை நிறுத்திவிட்டார். மருந்து மாத்திரை பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, தன் கையால் ஒரு உயிர் போகப் பார்த்தது என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்பினார். இரண்டு கிழமை நான் பழைய மாதிரிக் குசினிக்கும் கிணற்றுக்கும் நடந்தேன். காலை எட்டரை மணியானால் மட்டும் கை வேலையில் நிற்காது. மஞ்சள் திரைகளின் நினைவு வரும். இப்போது அந்த வெளிச்சம் யாருமில்லாத தரையில் விழுந்துகொண்டிருக்கும் என்று நினைப்பேன்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கேற் திறக்கும் சத்தம் கேட்டது. டொக்டரும் மிஸ்ஸும் ஒன்றாக வந்திருந்தார்கள். டொக்டர் எங்கள் வீட்டுக்கு வருவார் என்று நான் நினைத்ததே இல்லை. கதிரையைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காருவதற்கு முன்னாலேயே கதையைத் தொடங்கிவிட்டார்.

"அக்கா, பிழை என்ட. பயிற்சிக்கு அனுப்பினன், குளிசையக் குறைக்கல்ல. நீங்க நோன்பு பிடிக்கிறீங்களா எண்டும் கேக்கல்ல. நான் கேட்டிருக்க வேணும்."

"இல்ல டொக்டர்" என்றார் மிஸ். "ராத்தா என்ட கண்ணுக்கு முன்னால நடந்த. என்ன சாப்பிட்ட எண்டு நான் ஒரு சொல்லுக் கேக்கல்ல. தோஹாவில வாறவங்கட மருந்துப் பேப்பரெல்லாம் பாத்துத்தான் தொடங்குவம். இஞ்ச வந்து அத விட்டுட்டன்."

"நானும் சொல்லல்லயே" என்றேன் நான்.

என் கணவர் உள்வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "மூணு பேரும் பிழையப் பங்கு போட்டது காணும்" என்றார். "இனி என்ன செய்யப் போறீங்க? அதச் சொல்லுங்க."

டொக்டரும் மிஸ்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதைப் பற்றி அவர்கள் இன்னும் கதைத்திருக்கவில்லை என்று தெரிந்தது. வருத்தம் தெரிவிக்கத்தான் வந்திருந்தார்கள். நான் ஒரு புதுக் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் கோடு போடத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு, எந்த நாளில் நோன்பு, முழங்கால் எப்படி, மூச்சு எப்படி. நோன்பு நாளில் நடை இல்லை, இருந்த இடத்தில் கைகால் நீட்டல் மட்டும். வியர்த்துக் கை நடுங்கினால் உடனே சீனித்தண்ணி. குளிசையை மாற்ற வேண்டியவர்களின் பெயரைக் கிளினிக்கில் டொக்டர் பார்ப்பார். ஒருவர் சொல்ல மற்றவர் எழுத, பிறகு கொப்பி கை மாற, பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை இருந்தார்கள்.

தொழுதுவிட்டு வந்த என் கணவர் எனக்கு ஒரு செய்தி கொண்டுவந்தார். "மௌலவியிட்டக் கேட்டன். உசிருக்குப் பயமெண்டா நோன்பத் திறக்கத்தான் வேணுமாம். பிடிவாதம் பிடிக்கப் போடாதாம்." பிறகு, "நாளைக்குப் போறதெண்டா முட்டை ஒண்டு அவிச்சித் தாறன், திண்டுட்டுப் போ" என்றார். அவர் முட்டை அவித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த நாள் காலை அவித்த முட்டையில் பாதிக் கோது ஒட்டிக்கொண்டே இருந்தது. கோதோடு சேர்த்து மெதுவாகத் தின்றேன்.

வகுப்பு மறுபடி தொடங்கியபோது ஏழு பேர்தான் வந்தோம். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், புதியவர்களும் வந்தார்கள். ஒன்றுவிட்ட ஒரு சனிக்கிழமை டொக்டர் மண்டபத்துக்கே வருவார். கல்யாணத்தில் மொய் எழுதுகிற மேசையில் பிரஷர் பார்க்கிற கருவியை வைத்துக்கொண்டு உட்காருவார். மிஸ்ஸும் அவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள் என்று சொல்ல மாட்டேன். அறுபது வயது தாண்டிய ஒரு மாமி வந்தார். நெஞ்சு வருத்தம் உள்ளவர். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும்.

"இவங்க வேணாம் தங்கச்சி. வீட்ட இருக்கட்டும்" என்றார் டொக்டர்.

"வீட்ட இருந்துதானே டொக்டர் இப்பிடி ஆகியிரிக்காங்க" என்றார் மிஸ்.

மேடைக்கு முன்னால் நின்று இருவரும் தாழ்ந்த குரலில் நெடுநேரம் வாதாடினார்கள். நாங்கள் கேட்காதது போலக் கைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் மிஸ் ஒரு கதிரையைக் கொண்டுவந்து மாமியை உட்கார வைத்தார். கல்யாணத்துக்குக் கட்டிய சிவப்புப் பட்டுத்துணி அதில் இன்னும் இருந்தது. இருந்தபடியே ஒரு காலைத் தூக்கி வைத்து, மற்றக் காலைத் தூக்கி வைத்து, மாமி அந்தச் சிவப்புக் கதிரையில் எங்கோ பயணம் போவது போல நடந்தார். டொக்டர் பக்கத்தில் குந்தி, இரண்டு விரலால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் கைகளைச் சுழற்றுவதை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்தோம்.

"செய்யட்டும்" என்றார் டொக்டர். "ஆனா இந்த அளவுதான்."

"அந்த அளவ எனக்கு எழுதித் தாங்க டொக்டர்."

எழுதிக் கொடுத்தார். அந்த மாமி சில மாதங்களில் தன் வீட்டிலிருந்து பள்ளிவாசல் சந்திவரை நிற்காமல் நடந்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அவ்வளவு தூரம் நடந்த சந்தோஷத்துக்கே அவர் எங்கள் எல்லாருக்கும் சம்சா பொரித்துக்கொண்டு வந்தார். டொக்டர் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு மற்றவற்றைப் பொதி கட்டச் சொன்னார்.

எனக்கு என்ன நடந்தது என்றால், ஒரு குளிசை குறைந்தது. முழங்கால் வலி முக்கால்வாசி போய்விட்டது. சீனி வருத்தத்தால் மரத்துப்போன கால் விரல்களின் விறைப்பு போகவில்லை, இனிப் போகாது என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார். மூன்று வருடம் ஓம் என்று பொய் சொன்னதற்கு அந்த விரல்களைக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன். வட்டிலப்பத்தை இப்போது என் மருமகள் ருசி பார்க்கிறாள். கரண்டியை அவள் வாயில் வைக்கும்போது அவளுடைய முகத்தைப் பார்த்தே எனக்கு ஏலம் காணுமா காணாதா என்று தெரிந்துவிடும்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு டொக்டருக்கு வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம் வந்தது. கடைசிச் சனிக்கிழமை அவர் கருவியைக் கொண்டுவரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் வரிசையில் நின்றார். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து பதினைந்து தரம் எழும்பினார். நாங்கள் சத்தம் போட்டு எண்ணினோம். பிறகு அவர் எல்லாருடைய கையையும் பிடித்துவிட்டுப் போனார். மிஸ்ஸின் கையை மட்டும் விடவே இல்லை. வாசல்வரை அவரை அப்படியே கூட்டிக்கொண்டு போனார்.

அவருடைய இடத்துக்கு வந்தவர் இளம் டொக்டர், ஆண். அவரால் மண்டபத்துக்கு வர முடியாது, நாங்களும் கூப்பிட முடியாது. இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். மிஸ் அப்படி நினைக்கவில்லை. கிளினிக் நாளில் நம்பர் எடுத்து, நோயாளியைப் போல வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கொப்பியை அவர் முன்னால் வைத்தார். உங்களுக்குப் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், இது என்ன என்று அவர் கேட்டாராம். "அந்த இருவது பேர்ல ஒன்பது பேர் இந்தக் கொப்பியில இரிக்காங்க டொக்டர்" என்று மிஸ் சொல்லியிருக்கிறார். அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தார். இப்போது மாதத்துக்கு ஒருமுறை கொப்பி அவரிடம் போய் வருகிறது. அவருடைய கையெழுத்து யாருக்கும் விளங்காது. மிஸ் போனில் கேட்டுத் தெளிந்துகொள்கிறார்.

இந்த மாரியில் ஒரு காலை நல்ல மழை. வீதியெல்லாம் வெள்ளம். நாலு பேர்தான் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தோம். கரண்ட் இல்லை. மண்டபம் பச்சைத் தண்ணீர் நிறத்தில் இருட்டிக் கிடந்தது. இன்றைக்கு நடை வேண்டாம், எல்லாரும் பாயைப் போட்டு மல்லாந்து படுங்கள், மூச்சை மட்டும் கவனியுங்கள் என்றார் மிஸ். படுத்தோம். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் உடம்புக்கு உள்ளே விழுவது போல இருந்தது. உள்ளே இழுங்கள், மெதுவாக விடுங்கள் என்ற மிஸ்ஸின் குரல் ஒருமுறை பக்கத்தில் கேட்டது, மறுமுறை தூரத்தில் கேட்டது. இந்த முறை நான் விழவில்லை, படுத்துத்தான் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. மற்ற மூன்று பேரும் போய்விட்டார்கள். யாருடையதோ சால்வை என் மேல் கிடந்தது. மிஸ் கதவடியில் கதிரையில் இருந்து வெளியே வெள்ளம் வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பியிரிக்கலாமே மிஸ்" என்றேன்.

"ஏன் ராத்தா? நல்லாத்தானே மூச்சு விட்டீங்க" என்றார்.